ஒழுங்கு அக்காவுக்குத் தள்ளிப்போனது

குளியலறையிலிருந்து இன்றும் ஏமாந்துதான் வெளியே வந்தாள் ஒழுங்கு அக்கா. நாள் தள்ளிப்போயிருந்தது.

'ஒழுங்கு அக்கா' என்ற பட்டம் சும்மா வரவில்லை. "நாம ஒழுங்கா இருந்தா மாதவிலக்கும் ஒழுங்கா வரும், தங்கச்சிங்களா!" என்று வீடியோவில் சிரித்துச் சிரித்தே முகம் தெரியாத பெண்களுக்கெல்லாம் அக்கா ஆனவள். அவளுக்கே வரவில்லை என்று வெளியே தெரிந்தால்?

வீட்டுக்காரர் ஆசையாகப் பேச்சை இழுத்தார். "வாந்தி கீந்தி ஏதாவது...?"

"அதெல்லாம் டெஸ்ட் பண்ணிப் பாத்தாச்சு. இல்ல."

"அப்ப டாக்டரப் பாரேன்."

"நானா? சோம்பேறிங்களுக்குத்தான் தள்ளிப்போகும்னு நானே சொல்லியிருக்கேங்க!"

தன் வைத்தியத்தையே தனக்குச் செய்துகொண்டாள். விடியுமுன் ஓடினாள். அடுத்த மாதமும் வரவில்லை. இரவுச் சாப்பாட்டை நிறுத்தினாள். காலைச் சாப்பாடும் போயிற்று. கன்னம் ஒட்டியது, மோதிரம் கழன்று விழுந்தது, வரவேண்டியது மட்டும் வரவில்லை. படுத்தால், வயிற்றுக்குள் கட்டி ஏதாவது இருக்குமோ என்று கண் மூடவே பயம்.

"எப்படிக்கா இளைச்சீங்க? எங்களுக்கும் சொல்லிக்குடுங்க!" என்று தங்கச்சிகள் கெஞ்சினார்கள். கேட்டால் விடுவாளா? பட்டினியையும் ஓட்டத்தையும் விலாவாரியாகச் சொல்லிக்கொடுத்தாள்.

ஒருநாள் மாடிப்படியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்காரர் அதற்குமேல் அவள் பேச்சைக் கேட்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ஊரின் மறுகோடியில் ஒரு கிளினிக். கறுப்புக் கண்ணாடி, முகமூடி, பொய்ப்பெயர்.

"கட்டியா டாக்டர்?" என்று முந்திக்கொண்டு கேட்டாள்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, "கட்டியெல்லாம் இல்லம்மா," என்றார். "தைராய்டுக்கு மட்டும் ரத்தம் குடுத்துட்டுப் போங்க. முதல் தடவ தள்ளினது யாருக்கும் நடக்கறதுதான். அதுக்கப்புறம் நீங்களாத்தான் தள்ளி வச்சிருக்கீங்க. பட்டினி, அளவுக்கு மீறின ஓட்டம், கவலை. ஒண்ணே போதும், நீங்க மூணையும் சேத்துப் போட்டிருக்கீங்க! வயிறாரச் சாப்பிடுங்க, நல்லாத் தூங்குங்க."

போன உயிர் திரும்பி வந்தது. தப்பித்தோம், ஒரு தங்கச்சிக்கும் தெரியாது என்று நினைத்தபடி கையை நீட்டினாள்.

நர்ஸ் ஊசியை எடுத்துக்கொண்டே பரிவாகச் சொன்னாள்:

"வெக்கப்படாதீங்கக்கா, வெளிய வரிசையா உக்காந்திருக்காங்களே, அவங்களும் ஒழுங்கு அக்கா பேச்சக் கேட்டு வந்தவங்கதான்!"