பன்னீருக்குத் தப்பிய மூன்றடுக்கு ஆரம்

வேளச்சேரி,
திங்கள் காலை

பெருமதிப்பிற்குரிய சொர்ணம் அண்ணிக்கு, கொழுந்தன் ரகுபதி வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் சுகம். அங்கே உங்கள் முட்டிவலியும் அண்ணனின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

என் மகள் கயல் நிச்சயதார்த்தத்துக்கு நீங்கள் இரவலாகக் கொடுத்த மூன்றடுக்கு கவரிங் ஆரத்தை இன்று மாலையே திருவான்மியூர் வந்து திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். அவளுக்கென்று சேர்த்த தங்கமெல்லாம் இந்த வீடு வாங்கியதில் போனது உங்களுக்குத் தெரியும், மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. தெரிந்தால் சம்பந்தம் நிலைக்குமா என்பதுதான் என் கவலை. நீங்கள் சொன்னபடி சென்ட் அடித்து, அது காய்ந்த பிறகுதான் ஆரத்தைப் போட்டோம். தண்ணீர் படக்கூடாது, வேர்வை தங்கக்கூடாது, அடுக்குகள் சிக்கக்கூடாது, எல்லாம் எனக்கு மனப்பாடம். மயிலாப்பூர் மண்டபத்துக்குப் போனால் ஏசி ஓடவில்லை! அழைப்பிதழால் விசிறிக்கொண்டே கயல் பின்னால் நடந்தேன், அதற்குள் யாரோ ஒரு அத்தை பன்னீர்ச் சொம்போட வர, எனக்கு என்ன ஆச்சோ தெரியலை அண்ணி, குறுக்க பாய்ஞ்சு மொத்தத்தையும் மூஞ்சியில வாங்கிட்டேன். அடுத்து கழுத்துல சந்தனம் பூச வந்தாங்க. "அய்யய்யோ, அவளுக்குச் சந்தனம் ஆகாதுங்க!"ன்னு கத்திட்டேன். மண்டபமே திரும்பிப் பார்க்குது, உங்க ஓரகத்தி என் வேட்டியைப் பிடிச்சு இழுக்கறா.

சாப்பாடு முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா ஸ்ரீரஞ்சனி எங்கள் மூவரையும் ஓர் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். போச்சுடா என்று நினைத்தேன்.

"ஏங்க, தங்கமா இருந்தா யாருங்க பன்னீருக்கு இப்படிப் பயப்படுவாங்க?" என்றார்.

அவரே கைப்பையிலிருந்து மெத்தென்ற பருத்தித் துணியை எடுத்தார். கயலின் ஆரத்தைக் கழற்றி, ஒவ்வொரு அடுக்காக ஒற்றி ஒற்றித் துடைத்தார். பிறகு தன் கழுத்தில் கிடந்ததையும் கழற்றி, அதே மாதிரி துடைத்து, ஜிப் கவரில் போட்டு மூடினார்.

"என்னுதும் இதே கதைதான். பையனைப் படிக்க வச்சதுல எல்லாம் போச்சு. தெரிஞ்சா நீங்க என்ன நினைப்பீங்களோன்னு ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கலை."

அண்ணி, சம்பந்தம் நிலைச்சிடுச்சு! நான் அங்கேயே அழுதுட்டேன். உங்க ஆரம் இல்லைன்னா அவங்க அந்தக் கதவைச் சாத்தியிருக்க மாட்டாங்க, அந்தப் பேச்சு வந்திருக்காது. நீங்க நல்லா இருக்கணும்.

அண்ணனுக்கு என் நமஸ்காரம். மருந்தீஸ்வரர் உங்கள் முட்டியைப் பார்த்துக்கொள்ளட்டும்.

என்றும் நன்றியுள்ள கொழுந்தன்,
ரகுபதி

பி.கு.: இன்று மாலை ஆரம் வரும் என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். இப்போதுதான் சம்பந்தியம்மா போன் செய்தார். கல்யாணத்தன்று அவர் போட்டுக்கொள்ள அந்த மூன்றடுக்குதான் வேண்டுமாம். சரி என்றுவிட்டேன். பெண்ணையே கொடுக்கிறோம், ஆரத்தைத் தர மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? அது போகட்டும் அண்ணி, கயலுக்குப் போட உங்களிடம் வேறு ஏதாவது இருக்கிறதா?