விண்கலம் நாற்பத்தொன்றைக் காப்பாற்றிய கரண்டி

கண்ணாடிக் கடைக்காரர் அன்று காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். டிவியில் வரும் சயின்ஸ் ஃபிக்‌ஷன் சீரியல்களின் எதிர்காலத்தை இனித் தன் ஒருத்தரால்தான் காப்பாற்ற முடியும். வாயில் நுரையோடு எடுத்த முடிவுதானே என்று யாரும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். மனுஷர் வாய் கொப்பளித்த பிறகும் அதே முடிவில்தான் இருந்தார்.

விஷயம் இதுதான். ‘விண்கலம் நாற்பத்தொன்று’ என்ற சீரியலுக்கு மூன்றாவது சீசன் உண்டா, இல்லை இதோடு மங்களம் பாடிவிடலாமா என்பதை, கடைசி ஆறு வாரத்தில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுத்துச் சொல்கிறோம் என்று சேனல் அறிவித்துவிட்டது. அந்தச் சீரியல் என்றால் அவருக்கு உயிர். மற்ற சீரியல்களில் எல்லாரும் பீரோவுக்குள் என்ன இருக்கிறது என்றுதான் கேட்கிறார்கள். இதில் கேப்டனம்மா ஒருத்திதான் ஜன்னல் வழியாகப் பார்த்து, அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்கிறாள். அந்த ஒரு கேள்விக்காகவே அவர் பகலெல்லாம் கடையில் உட்கார்ந்து அடுத்தவர் மூக்கில் கண்ணாடி மாட்டிக்கொண்டு, சாயங்காலத்துக்காகக் காத்திருப்பார்.

கடைக்கு வருகிறவர்கள் பாவம். நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணில் டார்ச் அடித்து, தப்பி ஓட முடியாத நிலையில்தான் பேச்சை ஆரம்பிப்பார். அந்தக் காலத்தில் அட்டையில் செய்த ராக்கெட், கேப்டன் சாய்ந்தால் சுவர் ஆடும், ஆனால் வருஷத்துக்கு இருபத்தைந்து எபிசோடு வந்தது, கதையும் ஒரு முடிவுக்கு வந்தது. இப்போது கேப்டனின் மூக்கு ரோமத்தைக் கூட எண்ணலாம், அவ்வளவு துல்லியம். ஆனால் விண்கலம் மாதிரி தினம் வருவது ஒன்றைத் தவிர, மற்றதெல்லாம் எட்டே எட்டு எபிசோடு. அடுத்த எட்டுக்கு மூன்று வருஷம். அதற்குள் சீரியலில் குழந்தையாக வந்த பெண்ணுக்கு நிஜத்திலேயே குழந்தை பிறந்துவிடுகிறது. அதுவும் முழுக்க ஒரே இருட்டு. அந்த இருட்டைப் பார்த்துவிட்டுத் தங்கள் பார்வைதான் போய்விட்டது என்று பயந்து மூன்று பேர் அவரிடம் வந்து கண்ணாடி வாங்கிப் போயிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் விடக் கொடுமை, பாதியில் அந்தரத்தில் விட்டுவிட்டுப் போவது. அப்படிப் பதினொரு சீரியல்கள் அவர் கணக்கில் தொங்குகின்றன. ஒன்றில் பூமி வெடிக்க இன்னும் நாலு விநாடி இருந்தது. ஆறு வருஷமாக அந்த நாலு விநாடி அப்படியே இருக்கிறது. இந்த விண்கலமும் விழுந்துவிட்டால் புதிதாக எவனும் எடுக்க மாட்டான், பழையதையே தோண்டி எடுத்து வெள்ளையடித்து விற்பான், அதுதான் எதிர்காலம் என்பார். கண் பரிசோதனைக்கு வந்தவர், சரிங்க, எனக்குக் கிட்டப்பார்வையா தூரப்பார்வையா, அதைச் சொல்லுங்க என்பார்.

இவ்வளவு பேசுகிறவர் கையில் ஆயுதமும் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் ஒரு கம்பெனி ஆள் வந்து அவர் வீட்டு டிவிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருந்தார். எந்த வீட்டில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் பெட்டி. அதற்கொரு ரிமோட், அதில் மூன்று பட்டன். ஒன்று இவருக்கு, இரண்டு மனைவிக்கு, மூன்று கூடவே இருக்கும் மாமியாருக்கு. டிவி முன்னால் உட்காரும்போது அவரவர் பட்டனை அவரவர் அமுக்க வேண்டும், எழுந்து போனால் அணைக்க வேண்டும். உங்கள் ஒரு வீடு ஆயிரக்கணக்கான வீட்டுக்குச் சமம் என்று பெட்டிக்காரர் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து நம்மவர் தெருவில் நடக்கிற நடையே மாறிவிட்டது.

ஆனால் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. விண்கலம் வருவது திங்கள் முதல் வெள்ளி வரை சாயங்காலம் ஏழரைக்கு. அதே ஏழரைக்குத்தான் வேறொரு சேனலில் மனைவியின் குடும்ப சீரியல். வீட்டில் டிவி ஒன்று. ஏழரைக்கு அது யாருடையது என்பது கல்யாணமான வருஷமே தீர்மானமாகிவிட்டது. இவர் விண்கலத்தை மறுநாள் காலை மறு ஒளிபரப்பில்தான் பார்ப்பார். அது கணக்கில் வராது.

மனைவி லேசுப்பட்டவள் இல்லை. பஸ் டெப்போவில் டைம்கீப்பர். வராத டிரைவருக்கு யார் கையெழுத்துப் போட்டது, எந்தக் கண்டக்டர் எத்தனை நிமிஷம் தாமதம், எல்லாம் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவள் கண்ணில் மண்ணைத் தூவ வேண்டுமென்றால் கண் வழியாகத்தான் போக வேண்டும் என்று கண்ணாடிக்காரர் தீர்மானித்தார். தொழில் எதற்கு இருக்கிறது?

மறுநாள் டியூட்டி முடிந்து வந்தவளைக் கடைக்கே வரவழைத்தார். ஊருக்கெல்லாம் பார்க்கிறேன், உனக்குப் பார்க்கவில்லையே என்று உருகினார். நாற்காலியில் உட்கார வைத்து எழுத்துப் பலகையைக் காட்டினார். அவள் மேலிருந்து கடைசி வரி வரை கடகடவென்று வாசித்துவிட்டு நிறுத்தினாள்.

“கீழே பொடியா அச்சகத்து விலாசம் போட்டிருக்கு. அதையும் படிக்கவா?”

“அதான் பிரச்சினையே,” என்றார் இவர், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. “இவ்வளவு நல்லா தெரியக் கூடாது. நரம்பு அளவுக்கு மீறி உழைக்குதுன்னு அர்த்தம். இப்படியே விட்டா ஆபத்து.”

“என்ன செய்யணும்?”

“சாயங்காலத்துல டிவி கூடாது. கண்ணுக்கு முழு ஓய்வு.”

“எத்தனை நாளைக்கு?”

“நாற்பத்திரண்டு நாள்.”

“அது என்ன நாற்பத்திரண்டு?”

அவசரத்தில் ஆறு வாரத்தைப் பெருக்கிச் சொல்லிவிட்டார். மருத்துவத்தில் அப்படித்தான் என்று சமாளித்தார். அவள் அவரை ஒரு விநாடி பார்த்தாள். டெப்போவில் அந்தப் பார்வைக்குத்தான் கண்டக்டர்கள் தானாகவே உண்மையைச் சொல்வார்கள். இவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அவள் சரி என்று சொல்லிவிட்டு எழுந்தாள். இவ்வளவு சுலபமாகச் சரி சொல்லிவிட்டாளே என்று அவர் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் அவருக்கு எங்கே யோசனை வந்தது.

திங்கட்கிழமை ஏழு இருபதுக்கு ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். மனைவி வந்து எதிரே நின்றாள்.

“ஏங்க, கண்ணுக்கு ஓய்வுன்னா வெங்காயம் நறுக்கலாமா?”

“அது... கூடாதுதான்.”

“அடுப்பு சூடு?”

“கொஞ்சம் தள்ளி நின்னா...”

“தள்ளி நின்னா கரண்டி எட்டாதே. ஆவி அடிக்குமே. நரம்பு வேற அளவுக்கு மீறி உழைக்குதுன்னு சொன்னீங்க.”

“ஆமா, ஆவி ஆகாது.”

“அப்ப இந்தாங்க.” முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கரண்டியை அவர் கையில் கொடுத்தாள். “நான் பக்கத்து வீட்டு தையல்கார அக்கா வீட்டுல போய், காத்தாட கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். எட்டரைக்கு வர்றேன். பசியோட வருவேன்.”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். ஆனால் கண்ணாடிக்காரர் அசரவில்லை. விண்வெளியில் எத்தனையோ பேர் எத்தனையோ தியாகம் செய்கிறார்கள், நாம் ஒரு வெங்காயம் நறுக்க மாட்டோமா என்று நறுக்கிவிட்டு வந்தார். ஏழரை மணிக்கு ஒன்றாம் பட்டனை அமுக்கினார். பச்சை விளக்கு எரிந்தது. ஒரு ஆளால் என்ன ஆகும் என்று தோன்றியது. இரண்டையும் அமுக்கினார். மாமியார் அந்த வாரம்தான் சின்ன மகள் வீட்டுக்குப் புறப்பட்டுப் போயிருந்தார். அத்தை ஊருக்குப் போனால் என்ன, அத்தையின் பட்டன் இங்கேதானே இருக்கிறது என்று மூன்றையும் அமுக்கினார். மூன்று விளக்கும் சேர்ந்து எரிந்ததைப் பார்த்தபோது அவருக்குக் கண் கலங்கியது. பாதி வெங்காயம், பாதி நிஜம்.

அந்த ஆறு வாரம் அந்த வீட்டில் நடந்ததைச் சொல்லி மாளாது. கூடத்துக்கும் அடுப்படிக்கும் பதினொரு எட்டு தூரம். எதிரிக் கப்பல் சுடும்போது கூடத்தில் இருப்பார், பருப்பு பொங்கும்போது அடுப்படியில் இருப்பார். நடுவில் இருக்கும்போது இரண்டும் நடந்துவிடும். முதல் வாரம் கேப்டனம்மா ஒரு புதுக் கிரகத்தில் கால் வைத்ததை அவர் தீய்ந்த வாசனையோடுதான் பார்த்தார். அதற்குப் பிறகு விளம்பர இடைவேளைதான் அவருக்குக் கடிகாரம். முதல் இடைவேளைக்குள் காய் நறுக்கியாக வேண்டும், இரண்டாவதில் தாளித்தாக வேண்டும், மூன்றாவதில் உப்புப் பார்க்க வேண்டும். எட்டு மணிக்கு வியர்த்து விறுவிறுத்து வந்து மூன்று பட்டனையும் அணைப்பார்.

ஒரு எபிசோடைக் கூட அவர் முழுசாகப் பார்க்கவில்லை. பாதியைக் காதால்தான் பார்த்தார். மறு ஒளிபரப்பில் பார்க்கலாம் என்றால் காலையில் அந்த நேரம் பாத்திரம் கழுவும் நேரம். பாத்திரத் தூளும் கண்ணுக்கு ஆகாது என்று மனைவி இரண்டாம் நாளே சொல்லிவிட்டாள். கடைசி எபிசோடில் கேப்டனம்மா கப்பலுக்கு வெளியே தனியாக மாட்டிக்கொள்கிறாள், கதவு திறக்கவில்லை, காற்று பதினோரு நிமிஷத்துக்குத்தான் இருக்கிறது. இவர் கையிலோ சட்டுவம், அடுப்பில் எண்ணெய் காய்கிறது. கூடத்துக்கு வந்து பார்க்கும்போது திரையில் ‘தொடரும்’ என்று போட்டிருந்தான். மனுஷர் அப்படியே கதவு நிலையில் சாய்ந்து நின்றுவிட்டார். தன்னால் முடிந்த அத்தனையும் செய்தாகிவிட்டது, இனி அவள் உயிர் சேனல்காரன் கையில் என்று உண்மையாகவே கலங்கினார்.

நாலாம் நாள் அறிவிப்பு வந்தது. விண்கலம் நாற்பத்தொன்றுக்கு மூன்றாவது சீசன் உறுதி. பார்வையாளர்களின் பேராதரவுக்கு நன்றி என்று சேனல் சொன்னது.

கண்ணாடிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பேராதரவு யார் என்று அவருக்குத்தான் தெரியுமே. கடையில் அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சும்மாவே கண்ணாடி துடைத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, யாரும் சொல்லாமலே அடுப்படிக்குள் போய், இரண்டு காய் கூடுதலாக வைத்துச் சமைத்தார். உனக்கு எல்லாம் இது புரியாது என்ற பெருமிதத்தோடு மனைவிக்குப் பரிமாறினார். அவளும் ஒன்றும் கேட்காமல் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டிக்காரர் வந்தார். கண்ணாடிக்காரர் எழுந்து போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் ஏதாவது சான்றிதழ் கொண்டு வந்திருப்பார் என்றுகூட ஒரு நப்பாசை. பெட்டிக்காரர் பையிலிருந்து எடுத்தது ஸ்க்ரூ டிரைவர்.

“பெட்டியைக் கழட்டிட்டுப் போகலாம்னு வந்தேன் சார். மேடம்தான், அந்த ஆறு வாரம் முடிஞ்சப்புறம் வாங்கன்னு சொல்லியிருந்தாங்க.”

“எதுக்குக் கழட்டணும்? நல்லாதானே வேலை செய்யுது?”

“இது கணக்குலேர்ந்து எடுத்து அஞ்சு வாரம் ஆச்சே சார். மேடம் சொல்லலையா?”

கண்ணாடிக்காரர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். பெட்டிக்காரர் நிதானமாக விளக்கினார். பட்டன் அமுக்கினவர்கள் நிஜமாகவே பார்க்கிறார்களா என்று கம்பெனியில் அவ்வப்போது போன் செய்து கேட்பது வழக்கமாம். இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை ஏழு நாற்பதுக்கு இரண்டாம் பட்டனுக்கு உரியவருக்குப் போன் போட்டிருக்கிறார்கள். விண்வெளி சீரியல் பார்க்கிறீர்களே, திரையில் இப்போது என்ன நடக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். மருமகள் மாமியார் நகையை அரிசி டப்பாவில் ஒளித்து வைக்கிறாள், நான் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று மேடம் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். மூன்றாம் பட்டன் எங்கே என்றதற்கு, அம்மா ஊரிலேயே இல்லை என்றும் சொல்லியிருக்கிறார். அன்றைக்கே இந்த வீட்டைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டார்கள்.

“அப்ப மூணாவது சீசன்?” என்றார் கண்ணாடிக்காரர்.

“அதை மத்த வீட்டுல எல்லாம் நிறையப் பேர் பார்த்தாங்க சார். முழுசா உட்கார்ந்து பார்த்தாங்களாம்.”

பெட்டியும் ரிமோட்டும் பைக்குள் போயின. பெட்டிக்காரர் வாசல் தாண்டிப் போகிற வரை கண்ணாடிக்காரர் சுவரில் பெட்டி இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து, பழைய கிழிசல் ஒன்றுக்கு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். முதல் தடவையிலேயே நூல் நுழைந்துவிட்டது.

அவருக்குக் கோபப்படலாமா, அசடு வழியலாமா என்றே தெரியவில்லை. முப்பது எபிசோடு, முப்பது நாள் ஓட்டம், எல்லாம் ஒரு செத்த பெட்டிக்காக. கேப்டனம்மாவை ஒரு நாளாவது உட்கார்ந்து பார்த்திருக்கலாமே என்று மனசுக்குள் புலம்பினார்.

“ரெண்டாவது வாரமே தெரியும்ல உனக்கு,” என்றார். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொல்லத்தான் வந்தேன்,” என்றாள் அவள், நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே. “அன்னைக்குன்னு பார்த்து நீங்க சமைச்சது வாயில வைக்கிற மாதிரி இருந்துச்சு.”