பல் டாக்டரும் நாலாவது பெண்ணும்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் வாயில் மிச்சமிருக்கும் பற்கள் இன்றைக்கே உதிர்ந்து போகட்டும். அவற்றில் இரண்டைக் கட்டியவரே லேண்டர்ட் டாக்டர்தான் என்பதால், இது சும்மா போடும் சத்தியம் இல்லை.

ஒரு சனிக்கிழமை டாக்டருக்கு வந்த சிக்கல் இதுதான். பத்து வயது ஹில்கெ, ஆட்டத்தின் நடுவே இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். எதிரணிப் பெண் நிதானமாகக் குறி பார்த்து, மூக்கைச் சொறிந்து, மறுபடி குறி பார்த்து, கம்பத்தின் உச்சியிலிருந்த கூடையில் பந்தைப் போட்டாள்.

“நல்லா போட்ட” என்று வேறு சொன்னாள் ஹில்கெ.

லேண்டர்ட், நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரத்திலிருந்து வடக்கே எங்கள் ஃப்ரீஸ்லாந்துக்குக் குடிவந்த பல் மருத்துவர். வந்த மாதமே ஊர் அவர் தலையில் சிறுவர் கோர்ஃப்பால் அணியைக் கட்டிவிட்டது; கம்பத்துக் கூடையில் பந்து போடும் ஆட்டம் அது. நாலு பையன், நாலு பெண் சேர்ந்தால்தான் அணி. பையனைப் பையன் மறிக்க வேண்டும். பெண்ணைப் பெண் மறிக்க வேண்டும். பையன்கள் பெஞ்சு கொள்ளாமல் இருந்தார்கள். பெண்களுக்குத்தான் பஞ்சம். தோள்வரை வெளுத்த முடியோடு வந்து நின்ற ஹில்கெயைப் பார்த்ததும், “ஆச்சு, நாலு!” என்று அவள் கையில் அணிச் சட்டையைத் திணித்துவிட்டார் டாக்டர். இப்போது அவள் கோபித்துக்கொண்டு போனால் அணியே கலைந்துவிடும். ஆகவே குறையைச் சொல்லவும் வேண்டும், வலிக்கவும் கூடாது.

முதலில் பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் மறுபடி பாராட்டு. ரொட்டிக்கு நடுவே சீஸ் மாதிரி. கோர்ஃப்பால் சங்கத்தில் கோச்சுகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

“ஹில்கெ! உனக்கு எவ்வளவு நல்ல மனசு! எதிரணியைக்கூட நோகடிக்க மாட்டேங்கிற. பிரமாதம்!”

ஃப்ரீஸ்லாந்தில் உச்சகட்டப் பாராட்டே, ‘இதைவிட மோசமாவும் இருந்திருக்கலாம்’ என்பதுதான். ஹில்கெயின் முகம் வெளிறியது.

“ஏன் கோச் இப்படிப் பேசுறீங்க? யாராவது செத்துட்டாங்களா?”

“ஐயோ, இல்ல கண்ணு. கொஞ்சமே கொஞ்சம் கையை நீட்டி மறிச்சா அணிக்கு உதவியா இருக்கும். சேர்ந்து ஆடுற விளையாட்டு பாரு.”

“நான் மறிச்சா தப்பு கோச்.”

“விளையாட்டுல தப்புன்னு ஒண்ணும் கிடையாது!”

ஹில்கெ அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். கேட்காததை விளக்கும் பழக்கம் அந்த ஊரில் யாருக்கும் இல்லை.

வினை என்னவென்றால், உடை மாற்றும் அறையின் சன்னல் திறந்திருந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு மேல் ரொட்டி மட்டும் காதில் விழுந்தது; சீஸ் விழவில்லை. அடுத்த சனிக்கிழமை எட்டுப் பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பந்து போட்டுப் போட்டுத் தோள் வலித்து, எதிரணியே பாதியில் ஓய்வு கேட்டது.

“என்னடா கூத்து இது?”

“நல்ல மனசு கோச்” என்றான் யோரிட். “ஏன், அது ஹில்கெக்கு மட்டும்தானா?”

டாக்டர் பொறுமை இழந்தார். “இனிமே ஒருத்தரையும் மூச்சு விட விடாதீங்க! நிழல் மாதிரி ஒட்டிக்கணும்!”

ஒட்டிக்கொண்டார்கள். ஆட்டம் முடிந்த பிறகும் விடவில்லை. கேன்டீனில் எதிரணிப் பையனை எலுமிச்சைச் சாறு குடிக்க விடாமல், அவன் முகத்துக்கு நேரே யோரிட் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். எதிரணிப் பெண் ஒருத்தி தன் அப்பாவின் காரில் ஏறவே கால்மணி ஆயிற்று. ஆட்டத்தின்போது ஹில்கெ மட்டும் பழையபடி கைகட்டி நின்றிருந்தாள். எதிரணி அத்தனை பந்தையும் அவள் எதிரே நின்ற பெண்ணுக்கே அனுப்பியது.

‘இது தனிமைக் கோளாறு’ என்று டாக்டர் தீர்மானித்தார். மற்ற மூன்று பெண்களும் அறைக்குள் அரட்டையடிக்க, ஹில்கெ மட்டும் சைக்கிள் கொட்டகையில் ஒண்டியாக ஷூ மாட்டுவதை அவர் கவனித்திருந்தார்.

அந்த மூவரையும் கூப்பிட்டார். “நீங்களும் கொட்டகைக்கே போய் அவகூட இருங்க. அதுதான் அணி.”

“மழை பெய்யுது கோச்!” என்றாள் மூவரில் ஒருத்தியான ஃபெம்கெ. “அந்தக் கொட்டகைக்குக் கூரைன்னு பேருதான்!”

“அணின்னா நனையத்தான் வேணும்.”

நனைந்தார்கள். மறுவாரம் மூன்று பேரும் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். இனி ஹில்கெயும் போனால் கதை முடிந்தது. டாக்டருக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. காலையில் ஒருவருக்கு ஆடாத பல்லைப் பிடுங்கப் பார்த்தார்.

கடைசியில் ஹில்கெயின் அப்பாவைக் கேன்டீனுக்கு அழைத்தார். ஷூர்ட், மாட்டுப் பண்ணைக்காரர். காபி வந்தது; ஆளுக்கு ஒரே ஒரு பிஸ்கட்.

“ஷூர்ட், வலிக்காம சொல்றேன். ஹில்கெயும் விட்டுட்டுப் போயிட்டா எனக்கு அணியே இல்ல. ஆனா ஒரே ஒரு தடவை, எதிர்ல இருக்கிற பொண்ணு பந்து போடறப்ப கையை நீட்டி மறிக்கச் சொல்லுங்க. கெஞ்சிக் கேக்குறேன்.”

ஷூர்ட் பிஸ்கட்டைக் காபியில் நனைத்தார். ஒரு மாட்டைக் கறந்து முடிக்கும் நேரம் யோசித்தார்.

“அது எப்படி டாக்டர்? பொண்ணு பந்து போடறப்ப பையன் மறிச்சா விதிப்படி தப்பாச்சே. விதி விஷயத்துல எங்க ஹில்கெ ரொம்பக் கண்டிப்பான பையன்.”