கற்பிட்டிக் காற்றில் வெள்ளை உடுப்பு

கற்பிட்டியில் உடுப்புக் காய்வது ஒரு பிரச்சினையே இல்லை. காய்ந்த உடுப்பு யார் வீட்டு முற்றத்தில் கிடக்கிறது என்பதுதான் பிரச்சினை. காற்றுக் காலத்தில் நான் இங்கே பறிகொடுத்த பெனியன்களைச் சேர்த்துத் தைத்தால் ஒரு பாய்க்கப்பலே ஓட்டலாம்.

நான் அப்போது கல்யாணம் ஆகாதவன். வண்ணாத்திவில்லுவிலிருந்து வேலைக்கு வந்து, ஒரு ஹாஜியாரின் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தேன். ஹாஜியார் கீழே இருந்தார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. மொட்டை மாடிக்கு ஏறக் கூடாது (அங்கே தண்ணீர்த் தாங்கி இருக்கிறதாம், நான் குடித்தே தீர்த்துவிடுவேனாம்). பல்கனிக் கம்பியில் ஈர உடுப்புப் போடவே கூடாது, துருப்பிடிக்கும். அப்போ எங்கேதான் காயப்போடுவது என்று கேட்டேன்.

"அதான் இவ்வளவு பெரிய காத்து இரிக்கே தம்பி" என்றார்.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு புத்தளத்திலிருந்து பெண் வீட்டார் என்னைப் பார்க்க வருவதாக இருந்தது. முன்பு பேசிய இடங்கள் எல்லாம் தட்டிப் போயிருந்தன. உம்மா காலையிலேயே போன் எடுத்தா.

"மகன், பொண்ணுட வாப்பா அக்கம்பக்கத்துல விசாரிச்சுத்தான் முடிவு சொல்லுவாராம். வீட்டத் துப்புரவா வைங்க. இதுவும் தட்டிப் போச்செண்டா நான் இனி யாருக்கும் முகம் குடுக்க ஏலா."

"ஓம் உம்மா."

உம்மாவின் முகத்தை விடுங்கள், எனக்கே அந்தப் பெண்ணை மிகவும் பிடித்துப் போயிருந்தது. (படத்தைப் பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லை என்று எழுதினால் பொய். வழமையை விட ஒரு பீங்கான் சோறு கூடவே இறங்கியது.) ஆகவே வெறிபிடித்தவன்போல் தோய்த்தேன். கட்டில் விரிப்பு, தலையணை உறை, யன்னல் திரை, ஜுப்பா, சாரன், எல்லாம் தோய்த்தேன். எல்லாமே வெள்ளை. வெள்ளை என்றால்தான் அழுக்குத் தெரிந்து நான் தோய்ப்பேன் என்று உம்மா வாங்கித் தந்தவை.

எதிர்வீட்டு றிஸ்வான் நாநா கடலுக்குப் போகிறவர். மீன் பிடிக்கிற தங்கூசி நூலைத் தந்து உதவினார். பல்கனிக் கம்பியிலிருந்து தெருவுக்குக் குறுக்கே அவருடைய தென்னைமரம் வரை கட்டினோம். முதலில் போட்ட விரிப்பைக் காற்று கிளிப்போடு பிய்த்துக்கொண்டு போனது.

"ரெண்டு மூலையும் புடிச்சா இப்பிடித்தான் தம்பி. ஒரு மூலையில மட்டும் இறுக்கிக் கட்டுங்க, காத்துப் பூந்து போயிரும்" என்றார் நாநா.

அப்படியே கட்டினேன். ஒவ்வொன்றும் ஒற்றை மூலையில் தொங்கிப் படபடவென்று அடித்தது. ஒன்றுகூடக் கழலவில்லை. நாநா படுக்கப் போனார், நான் பெருமையோடு வீட்டைக் கழுவிவிட்டுக் குளிக்கப் போனேன்.

பிறகு நடந்ததை ஒருவர் மாற்றி ஒருவர் எனக்குச் சொன்னார்கள். எங்கள் பக்கம் ஒரு வீட்டில் மௌத்து, அதாவது மரணம், என்றால் தெருவுக்குக் குறுக்கே வெள்ளைக் கொடி கட்டுவார்கள். தங்கூசி கண்ணுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஹாஜியார் வீட்டு வாசலில் வரிசையாக ஆடிய வெள்ளைக் கொடிகள்தான். ஹாஜியாருக்கு வேறு ஒரு கிழமையாக இருமல். யாரோ படம் பிடித்து வட்ஸ்அப்பில் போட, அடக்க வேலைகளைப் பார்க்கிற ஜனாஸா சங்கத்தார் கதிரைகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள்.

பகல் தூக்கத்திலிருந்து எழுந்து வந்த ஹாஜியார், தன் முற்றம் நிறையச் சனத்தைப் பார்த்துக் கேட்டாராம்:

"யாரு மௌத்து?"

ஒரு பெண் கத்திக்கொண்டே ஓடினாளாம். "நீங்க இல்லையெண்டா மேல இரிக்கிற பொடியன்தான்!" என்று மற்றவர்கள் முடிவு கட்டினார்கள். ஹாஜியார் பதறிப்போய் மேலே ஏறிக் கதவில் கை வைத்திருக்கிறார். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டிருக்கிறது.

"மையத்தக் குளிப்பாட்டுறாங்க" என்று, என் பிணத்தை நினைத்து அழுதுகொண்டே இறங்கிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பெண் வீட்டாரின் வேன் வந்து நின்றது. பெண்ணின் வாப்பா விஷயத்தைக் கேட்டு அப்படியே ஒரு கதிரையில் உட்கார்ந்துவிட்டார். விசாரிக்க வந்த மனிதர், விசாரித்தார். மௌத்தானவனைப் பற்றி யார் குறை சொல்வார்கள்?

"விடியச் சுபஹுத் தொழுகைக்கு ஒரு நாளும் தவறாத புள்ள" என்றார் ஹாஜியார். (என்னைப் பகல் பன்னிரண்டு மணிக்குத் தட்டி எழுப்புகிறவரே அவர்தான்.)

"தங்கமான பொடியன், அதிர்ந்து ஒரு கதை இல்ல" என்றார் பக்கத்துக் கடைக்காரர். என்னுடன் சண்டை பிடிப்பதையே பொழுதுபோக்காக வைத்திருந்தவர் அவர்.

இது ஒன்றும் தெரியாமல் நான் குளித்து முடித்தேன். உடுக்க ஒரு துணி இல்லை, எல்லாம் தெருவில் பறக்கிறது. மிஞ்சியிருந்தது ஒரு வெள்ளைப் போர்வை. அதைச் சுற்றிக்கொண்டு, தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட, ஜுப்பாவை எடுக்கப் படியிறங்கி வந்தேன்.

யா அல்லாஹ், அந்த அலறல்! கதிரைகள் உருண்டன. ஹாஜியார் தூணைக் கட்டிப்பிடித்துக் கொண்டார். ஓடாமல் இருந்தவர் பெண்ணின் வாப்பா ஒருவர்தான் (முழங்கால் வருத்தம் என்று பிறகு சொன்னார்).

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றேன். வேறு என்ன சொல்வது? கல்யாணம் கைவிட்டுப் போனது என்று எனக்கு விளங்கிவிட்டது.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மேலே ஆடிய ஜுப்பாவைப் பார்த்தார். பிறகு கண்ணீர் வரச் சிரித்தார்.

"மகன், உசிரோட இரிக்கிற ஒருத்தனுக்கு இப்பிடி நல்ல பேரு கிடைச்சத நான் பாத்ததில்ல. போய் உடுத்திட்டு வாங்க, நாளக் குறிப்பம்."

ஆனால் ஒன்று. அவர் கதிரையில் உட்கார்ந்த கையோடு, மாப்பிள்ளை மௌத்து என்று வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லியிருந்தார். என் மனைவி நஸ்ரின் இன்றைக்கும் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், பெண்கள் நடுவில் உட்கார்ந்து, என் காதில் விழும்படி இதைச் சொல்லாமல் எழும்பமாட்டா:

"நான் மௌத்துக்கு இன்னாலில்லாஹி சொல்லி, அழுது, முகமும் கழுவி முடிச்சிட்டன். அதுக்குப் பொறகு ஆள் திரும்பி வந்திட்டாரு. என்ன செய்ய, கட்டிக்கிட்டன்."