தீர்மானம் எண் ஏழும் தெர்மாகோல் திமிங்கலமும்

மனிதகுல மேன்மைக்காக எடுக்கப்பட்ட முடிவுகளை வரிசைப்படுத்தினால், நெருப்பு மூட்டியது முதலிலும், சித்தூர் மிஷன் சபை ஒன்றின் 'தம்பதியர் ஐக்கியக் குழு' நிறைவேற்றிய தீர்மானம் எண் ஏழு கடைசியிலும் வரும். இடையில் நடந்தவை அவ்வளவு முக்கியமல்ல.

தீர்மானம் இதுதான்: ஒவ்வொரு தம்பதியும் பிள்ளைகள் இல்லாமல் ஒருநாள் பழமையான இடமொன்றுக்குப் போய்வர வேண்டும். இடிந்த சுவருக்குப் பக்கத்தில் நின்றால் எந்த மணவாழ்க்கையும் புதிதாகத் தெரியும் என்பது குழுத் தலைவி ஜெயம்மாவின் ஆராய்ச்சி முடிவு. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால், மே மாதம் சபைப் பிள்ளைகளுக்காகப் பத்து நாள் நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளியை அந்தத் தம்பதியே நடத்த வேண்டும். பேசினார்களா இல்லையா என்பதை ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று அறிவிக்க வேண்டும். சாட்சி, மனச்சாட்சி.

முதலில் போகும் பாக்கியம் ஜெபதாசுக்குக் கிடைத்தது. மாம்பழக் கூழ்த் தொழிற்சாலையில் தர ஆய்வாளர். போன மே மாதம் வேதாகமப் பள்ளி நாடகத்தில் யோனாவை விழுங்கிய தெர்மாகோல் திமிங்கலம் அவர்தான். யோனா வேடத்துக்குப் போட்டி பலமாக இருந்ததால், ஒரே மாலையில் ஒன்பது யோனாக்களை விழுங்கினார். இருவர் வெளியே வர மறுத்தார்கள். அன்றிலிருந்து தெர்மாகோல் வைத்த புது மிக்ஸிப் பெட்டியைப் பார்த்தால்கூட அவருக்கு வியர்க்கும்.

ஆகவே, செத்தாலும் வாய் திறப்பதில்லை என்ற உறுதியோடு, மகன் சாமையும் மகள் ஜெமிமாவையும் புத்தலப்பட்டில் மச்சினி கல்பனா வீட்டில் விட்டுவிட்டு, மனைவி ஞானமணியுடன் சந்திரகிரிக் கோட்டையில் போய் இறங்கினார்.

முதல் பத்து நிமிடம் உரையாடல் களைகட்டியது.

"வெயிலு."

"ஆமா, வெயிலு."

"கல்லு இன்னா பெருசு பாத்தியா?"

"பெருசுதான்."

பதினோராம் நிமிடத்தில் இருவரிடமும் சரக்கு தீர்ந்தது. ஞானமணி டிபன் பாக்ஸைத் திறந்தாள். இட்லியைச் சிறு சிறு துண்டாகப் பிய்த்து, அவர் வாய்க்கு நேரே நீட்டி, "ஆ காட்டு" என்றாள். அவரும் காட்டினார். தீர்மானத்தில் இதற்குத் தடையில்லை.

ராஜா மஹாலுக்கு முன்னால் புல்தரையில் உட்கார்ந்ததும் அவள் உடைந்தாள்.

"இன்னாங்க, முடியலிங்க. நெஞ்சே அடைக்குது. இந்நேரம் ஜெமி..."

"ராஜா!" என்று அலறினார் ஜெபதாஸ். "ராஜாவப் பத்திப் பேசு!"

ஞானமணி சற்று யோசித்தாள்.

"இந்த ராஜாவுக்கு ஒரு பையன் இருந்திருப்பான், இல்ல?"

ஜெபதாஸ் சுற்றுமுற்றும் பார்த்தார். வரலாறு பேசுவதைக் குழு தடைசெய்யவில்லை.

"இருந்தான். கணக்குல வீக்கு. ஏழாம் வாய்ப்பாடு வராது."

"அப்பன மாதிரி. ராஜாவுக்கே வராதே!"

"இளவரசி மட்டும் இன்னா? மூக்குல வேர்க்கடலையப் போட்டுக்கினு, வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஓட வெக்கல?"

"ராணிதான் தூக்கிக்கினு ஓடினா. ராஜா ஆம்புலன்சுக்குப் போன் போட்டுக்கினே இருந்தாரு."

"அந்தக் காலத்துலயே ஆம்புலன்ஸ் இருந்திச்சா, சார்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

நகரியிலிருந்து சுற்றுலா வந்திருந்த நெசவாளி முனிரத்தினம். அவர் பின்னால் ஒரு பஸ் ஜனம், நாற்பது பேர்.

"மாட்டு வண்டி ஆம்புலன்ஸ்" என்றார் ஜெபதாஸ்.

"அப்படிச் சொல்லுங்க" என்று முனிரத்தினம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, போனில் வீடியோவை ஓடவிட்டார். நாற்பது பேரும் உட்கார்ந்தார்கள்.

அதன்பின் வரலாற்றை யாராலும் தடுக்க முடியவில்லை. இளவரசன் தேர்வன்று வயிற்றுவலி என்று கட்டிலுக்கடியில் பதுங்கியது, ஆண்டுவிழாவில் இளவரசி தக்காளி வேடத்தில் மேடையிலிருந்து உருண்டது, எல்லாம் வந்தது. இளவரசிக்கு டெங்கு கண்ட கட்டத்தில் ஓர் அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"மூணு ராத்திரி ராணி கண்ணு மூடல" என்றார் ஜெபதாஸ். குரல் கொஞ்சம் இறங்கியது. "தூங்கறாப்பல படுத்திருந்த ராஜாவுக்கும் அது தெரியும். இத்தினி நாளா சொல்லல, அவ்ளோதான்."

ஞானமணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். மீதி இட்லியை முழுசாகவே கொடுத்தாள்.

ஐந்து மணி அடித்ததும் புத்தலப்பட்டுக்குப் போன் போட்டார்கள். சாம் எடுத்தான்.

"நைனா, நாளைக்கும் ஏதாச்சும் கோட்டைக்குப் போங்க. சித்தி பரோட்டா வாங்கித் தராங்க."

ஞாயிறன்று ஜெபதாஸ் சபை நடுவே நிமிர்ந்து நின்றார். "பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. வரலாறு மட்டுமே பேசினோம்." கைதட்டல் எழுந்தது.

ஜெயம்மா மைக்கை வாங்கினார். முனிரத்தினத்தின் வீடியோ ஊர் ஊராகச் சுற்றிச் சபை வாட்ஸப் குழுவுக்கும் வந்துவிட்டதாகவும், குழு கூடி அதை மும்முறை பார்த்ததாகவும், வெற்றி ஏகமனதாக அங்கீகரிக்கப்படுவதாகவும் அறிவித்தார்.

"தோத்தவங்க தண்டனைக்கு நடத்தட்டும்னு நெனச்சோம், தம்பி. ஆனா நீங்க மைக் இல்லாம, பிஸ்கட் இல்லாம, நாப்பது பேர ஒன்றரை மணிநேரம் உக்கார வெச்சிருக்கீங்க! கர்த்தர் குடுத்த வரத்தப் பொதைக்கலாமா? மே மாசம் வேதாகமப் பள்ளி உங்களோடதுதான்."

தீர்மானம் எண் ஏழு வெறும் காகிதத்தோடு நிற்கவில்லை. மே மாதம், தங்கள் பிள்ளைகளையும் சேர்த்து நூற்று முப்பது பேரை ஜெபதாஸ் தம்பதியிடம் ஒப்படைத்துவிட்டு, குழு உறுப்பினர்கள் பதினொருவரும் தத்தம் துணையோடு பழமையான இடங்களைப் பார்க்கக் கிளம்பினார்கள். பத்து நாளும் அவர்கள் பிள்ளைகளைப் பற்றி மூச்சுவிடவில்லை. எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டு ஒரு போன்கூட வரவில்லை. விதிகளை இவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடித்த குழு வேறெங்கும் இல்லை என்று திமிங்கலத்தின் வயிற்றிலிருந்தபடியே ஜெபதாஸ் சாட்சி சொன்னார்.