எஞ்சின் நீங்கலாக

தமிழ்நாட்டில் வள்ளல்கள் ஏழு பேர் என்று பள்ளிக்கூடப் புத்தகங்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பது கல்வித்துறையின் கவனக்குறைவு. 1973 டிசம்பர் ஒன்பதாம் தேதி மாலை ஆறு மணிக்கு அந்த எண்ணிக்கை எட்டாகிவிட்டது. தியாகராய நகரில் மூன்று மாடி ஜவுளிக்கடையும், அபிராமபுரத்தில் பங்களாவும், ராஜா அண்ணாமலைபுரத்தில் கல்யாண மண்டபமும் உடைய திரு. சுயம்புலிங்கம், தம் மணிவிழா மேடையில், இருபத்தாறு வருஷம் தமக்குக் கார் ஓட்டிய காஸ்பருக்கு ஒரு காரையே தானமாகக் கொடுத்தார்.

வேலையிலிருந்து நிற்பவனுக்கு முதலாளி பணிக்கொடை கொடுத்தே தீரவேண்டும் என்று முந்தின வருஷம்தான் சட்டம் வந்திருந்தது. சட்டத்துக்குப் பயந்து கொடுப்பது சாமானியர் செய்கிற காரியம். வள்ளல் அப்படிப்பட்டவரல்ல. "காரைப் பெற்றுக்கொண்டேன், இனி எனக்கு யாதொரு பாக்கியும் இல்லை" என்று ஒரு தாளில் காஸ்பரிடம் கையெழுத்து வாங்கி, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகே அவரை மேடையேற்றினார்.

1951ஆம் வருஷத்து ஸ்டூடிபேக்கர், மாலை போட்டுக்கொண்டு மேடையருகே ஓசையில்லாமல் வந்து நின்றது. நல்ல தானம் ஓசையில்லாமல்தான் வரும். ஆறு பேர் பின்னால் தள்ளினார்கள்.

பேசியவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் வள்ளலை "இருபதாம் நூற்றாண்டுப் பாரி" என்றார்கள். அவர் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல நாணினார்.

கொடையைக் கோவில் டியூப் லைட்போல வெறுமனே பெயர் எழுதி விட்டுவிட முடியுமா? ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், முன்பலகையில், ஒரு பித்தளைப் பட்டயம் செதுக்கி, ஆறு இடத்தில் ரிவெட் அடித்து இறுக்கியிருந்தார். "எந்தப் பயலும் கழட்டக் கூடாது" என்பது உத்தரவு. வாசகம் கடைக் கணக்குப்பிள்ளை கணேசமூர்த்தியுடையது. கணேசமூர்த்தி அதற்கு முன்பு இருபது வருஷம் ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதியவர். அவருக்குத் தெரிந்த உரைநடை அது ஒன்றுதான். ஆகவே பட்டயம் இப்படி முடிந்தது: "...மேற்படி எம்.எஸ்.பி. 417 எண்ணுள்ள வாகனத்தை மேற்படி காஸ்பர் புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது. இதில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ இனி யாதொரு உரிமையும் இல்லை." கீழே வள்ளலின் கையெழுத்து, சுழியும் வாலும் மாறாமல் அப்படியே செதுக்கப்பட்டிருந்தது. வள்ளலுக்கு அர்த்தம் விளங்கவில்லை. சத்தம் பிடித்திருந்தது.

வண்டியைக் காஸ்பர் குடியிருந்த சாந்தோம் சந்துக்குத் தள்ளிக்கொண்டு வந்து சேர்த்ததும், காஸ்பரின் மகள் ஃப்ளோரன்ஸ் பானட்டைத் திறந்தாள். அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். பி.எஸ்சி. பௌதிகம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நெம்புகோல் நடத்துகிறவள். உள்ளே பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, எஞ்சின் எங்க?"

"ரிப்பேர்தாம்மா. ரெண்டு வருஷமா ஓடல."

"ரிப்பேர்னா இருக்கணும்ல? இங்க தரை தெரியுது."

காஸ்பர் குனிந்து பார்த்தார். தரை தெரிந்தது. ஒரு பூனையும் தெரிந்தது.

மறுநாள் அவள் அபிராமபுரம் போனாள். வள்ளல் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏ பிள்ள, காரக் குடுக்கேன்னுதான மேடையில சொன்னேன்? எஞ்சினக் குடுக்கேன்னு சொன்னேனா?"

"எஞ்சின் இல்லாம அது எப்படி சார் காரு?"

"முல்லைக்குத் தேர் குடுத்தானே பாரி, குதிரையையும் சேத்தா குடுத்தான்? முல்லை போயி குதிரை எங்கன்னு கேட்டுச்சா? படிச்ச பிள்ள இப்படிப் பேசலாமா?"

இலக்கியத்தில் இவ்வளவு ஆழமான கேள்வியை எந்தத் தமிழாசிரியரும் கேட்டதில்லை. வெளியே வரும்போது தோட்டக்காரன்தான் சொன்னான்: பழைய எஞ்சினை ரிப்பேர் பார்த்து, மின்வெட்டுக்கு உதவுமென்று கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டரோடு பூட்டிவிட்டார்களாம்.

காஸ்பருக்கு ஐம்பத்தெட்டு வயது. வண்டி ஓடி, பதிவுப் புத்தகம் அவர் பேருக்கு வந்தால் டாக்சி பர்மிட்டுக்கு எழுதிப் போடலாம். வராவிட்டால் இன்னொரு பங்களா வாசலில் போய்த் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்க வேண்டும். ஃப்ளோரன்ஸ் சிந்தாதிரிப்பேட்டைக்குப் போய் மெக்கானிக் அப்துல் கய்யூமைக் கூட்டிவந்தாள்.

"இன்னா பாப்பா, சவப்பெட்டிக்குச் சக்கரம் வெச்சுகிறீங்க?" என்றார் கய்யூம், வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து. "பெட்ரோல் விக்கிற வெலைக்கு டீசலே போட்டுக்கலாம். ஒரு ரொட்டி வேன் கவுந்துகீது. வேன் பூட்ச்சு. எஞ்சின் மட்டும் ராஜா கணக்கா கீது."

நான்கு மாதம் ஆயிற்று. அடிச்சட்டத்தில் புதுத் தாங்கிகளைப் பற்றவைத்தார். லாரி ரேடியேட்டர் மாட்டினார். ஸ்டியரிங்கின் பக்கத்திலிருந்த கியர், தரையைப் பிளந்துகொண்டு முளைத்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து ஃப்ளோரன்ஸ் ஸ்பானர் பிடித்தாள். "நெம்புகோல் நடத்துறேன்னியே, இத்த நெம்பு" என்பார் கய்யூம். முதல்முறை எஞ்சின் பிடித்துக்கொண்டபோது, சத்தத்தைக் கேட்டு தெருவில் நாலைந்து பேர் பையைத் தூக்கிக்கொண்டு ரொட்டி வாங்க வந்துவிட்டார்கள்.

அடுத்தது வாகனப் பதிவு அலுவலகம். நாட்டில் உண்மையை அறிய ஞானிகள் தவம் செய்கிறார்கள், விஞ்ஞானிகள் சோதனை செய்கிறார்கள். பதிவு அலுவலகம் பென்சிலால் தேய்க்கிறது. இரும்பில் செதுக்கிய எண்மேல் காகிதத்தை வைத்துத் தேய்த்தால் எண் வெள்ளையாகத் தெரியும். அந்தக் காகிதத்தைப் படிவத்தில் ஒட்டினால் முடிந்தது. வண்டி பொய் சொல்லலாம், ஆள் பொய் சொல்லலாம், பென்சில் அச்சு பொய் சொல்லாது என்பது அலுவலகத்தின் வேதம்.

அந்த வேதத்தின் காவலர், பிரிவு எழுத்தர் கபாலி.

"சேசிஸ் அச்சு கீது. புது எஞ்சின் அச்சு கீது. பயைய எஞ்சின் அச்சு எங்கம்மா?"

"பழைய எஞ்சின்தான் வண்டில இல்லையே சார்."

"இல்லாதது எங்க கீதுன்னு ஆபீஸுக்குத் தெரிய வாணாமா? அது பாட்டுக்கு இன்னொரு வண்டில ஏறிக்கினு போச்சுன்னா?"

நியாயமான கவலை. ஃப்ளோரன்ஸ் ஒரு முகூர்த்த நாளில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனாள். பந்திக்குப் போகவில்லை. நேராகக் கொல்லைப்புறம் போனாள். ஜெனரேட்டர்காரர் கேட்டார்:

"யாரும்மா நீ? பொண்ணு வூடா, மாப்ள வூடா?"

"எஞ்சின் வீடு."

அச்சு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். கபாலி அதைப் பார்த்து மகிழ்ந்து, அடுத்த குறையைச் சொன்னார். பெயர் மாற்றத்துக்கு ஓனர் கையெழுத்து வேண்டும்.

வள்ளல் கையெழுத்துப் போடவில்லை. "என் வாக்கு போதாதா? ஆயிரம் பேர் முன்னால சொன்னேம்லா?" என்று வருத்தப்பட்டார். வாக்கின் மதிப்பை அறிந்தவர்கள் அதைக் காகிதத்தில் செலவழிப்பதில்லை. ஏழை கையெழுத்துப் போடும் காகிதம் மட்டும் விதிவிலக்கு.

அடுத்த செவ்வாய்க்கிழமை கணேசமூர்த்தி சந்துக்கு வந்தார்.

"வண்டி ஓடுதாமே, ரொம்பச் சந்தோசம். சின்ன முதலாளி அடையாறுல பழங்கார் பிரியர் சங்கத்துல சேந்திருக்காரு. ஞாயித்துக்கிழமை ஊர்வலம். வெள்ளைக்காரங்கள்லாம் வாறாங்க. பாரம்பரியம் பாருங்க! சனிக்கிழமை வந்து வண்டிய எடுத்துக்கிடுதோம்."

"எப்ப திருப்பித் தருவீங்க?" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

"திருப்பியா? புஸ்தகத்துல இன்னும் முதலாளி பேருதானம்மா இருக்கு. வேணும்னா அந்த ரொட்டி எஞ்சினக் கழட்டி வச்சுக்கிடுங்க."

அவர் போனபின் காஸ்பர் சாவியைத் துடைத்து எடுத்து வைத்தார். "குடுத்துடலாம்மா. மொதலாளி மனசு நோகக் கூடாது."

"இருபத்தாறு வருஷம் அவரு மனசு நோகாமத்தான ஓட்டினே? என்னாத்த கண்டே?"

"கார் குடுத்தாருல்ல?"

ஃப்ளோரன்ஸ் வண்டிக்குள் போய் உட்கார்ந்தாள். அழக் கூடாது என்று எதிரே இருந்ததைப் படித்தாள். எதிரே இருந்தது பட்டயம். முதலில் கோபத்தோடு படித்தாள். இரண்டாம் தடவை நிதானமாகப் படித்தாள். மூன்றாம் தடவை படிக்குமுன் கைப்பையைத் திறந்து பென்சிலைத் தேடினாள்.

வெள்ளிக்கிழமை காலை கபாலியின் மேஜையில் ஒரு முழுத் தாள் அச்சு விரிந்தது. அவர் உரக்கப் படிக்கத் தொடங்கினார். "சர்வ சுதந்திர பாத்தியத்துடன்" வந்ததும் அவரையறியாமல் நாற்காலியில் நிமிர்ந்தார். "வாரிசுகளுக்கோ" வந்ததும் எழுந்தே விட்டார்.

"ஆரும்மா இத்த எழுதினது? இன்னா தமிழு! கத்தி கணக்கா கீது!"

"ஓனரோட கணக்குப்பிள்ளை சார்."

"ஸ்டாம்பு பேப்பர் இல்லியே?"

"பித்தளை சார். பேப்பர் கிழியும்."

கபாலி யோசித்தார். பிறகு 1951ஆம் வருஷத்துப் பதிவேட்டை வரவழைத்துக் கையெழுத்தை ஒப்பிட்டார். அந்த அலுவலகத்தில் மனிதன் போட்ட கையெழுத்து எதுவும் முதல் தடவையில் ஒத்துப்போனதில்லை. இது ஒரு மயிரிழை பிசகாமல் ஒத்துப்போனது. பித்தளைக்குக் கை நடுங்காது.

"பென்சில் அச்சு," என்றார் கபாலி பக்தியோடு. "இதுக்கு மேல இன்னா வோணும்?"

பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியை மைதானத்தில் ஒரு வட்டம் ஓட்டி, மிதித்து நிறுத்தி, மோந்து பார்த்தார். "ரொட்டி வாசனை அடிக்குதே?" படிவத்தில் வாசனைக்குக் கட்டம் இல்லாததால் பாஸ் போட்டார். மாலை நாலரைக்குப் புத்தகத்தில் 'எஞ்சின்: டீசல்' என்றும், 'உரிமையாளர்: காஸ்பர்' என்றும் ஏறிற்று.

சனிக்கிழமை கணேசமூர்த்தியைக் கூட்டிக்கொண்டு வள்ளலே வந்தார். பழக்க தோஷத்தில் ஸ்டூடிபேக்கரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"காஸ்பரு, எடுல வண்டிய."

ஃப்ளோரன்ஸ் பதிவுப் புத்தகத்தை ஜன்னல் வழியாக நீட்டினாள். கணேசமூர்த்தி வாங்கிப் படித்தார். பிறகு பட்டயத்தைப் படித்தார். தாம் எழுதியதில் ஒரு ஓட்டை இருக்குமா என்று தேடினார். தொழில் தெரிந்தவர், ஓட்டை வைக்கவில்லை.

"என்னவே சொல்லுது?" என்றார் வள்ளல்.

"உங்களுக்கும் இல்ல, சின்ன முதலாளிக்கும் இல்லைன்னு சொல்லுதுய்யா. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கிய."

வள்ளல் பட்டயத்தை நகத்தால் பிறாண்டிப் பார்த்தார். ஆறு ரிவெட்டும் அவர் உத்தரவுக்குக் கட்டுப்பட்டு அசையாமல் இருந்தன.

காஸ்பர் முன்சீட்டில் ஏறவில்லை. பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார், இருபத்தாறு வருஷம் நின்றதுபோலவே, தலைகுனிந்து.

"எறங்குங்க மொதலாளி," என்றார் மெதுவாக. "மீட்டர் இன்னும் மாட்டல."

அந்த எட்டாவது வள்ளலைப் பற்றிப் பாடப்புத்தகம் எழுதப் போகிறவர்கள் ஒன்றை மறக்காமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர் வாழ்நாளில் உண்மையாகவே கொடுத்தது அந்த ஒரு கார்தான். அதையும் அவரிடமிருந்து பென்சிலால் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.