சொல்லாமல் வரும் மாப்பிள்ளை வீட்டார்

"ஆரு வந்தாலும் சிரிச்ச முகமா நில்லுங்க. நான் கேக்குறது அவ்வளவுதான்."

காலையிலிருந்து மனைவி ஸுலைஹா லாபிரிடம் இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். லாபிரும் சிரித்துப் பார்த்தார். பழக்கமில்லாத வேலை என்பதால் தாடை வலித்தது.

மகள் றுமைஸாவுக்குத் தரகர் மூலம் ஒரு சம்பந்தம் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வழக்கம்போல் சொல்லாமல் கொள்ளாமல் ஆளனுப்பிக் குடும்பத்தை நோட்டம் விடுவார்கள். அது இன்றைக்குத்தானாம். பார்த்துப் பிடித்தால்தான் யார் எவர் என்று சொல்வார்களாம்.

"பேரைச் சொன்னா என்ன? பொடியன் களவெடுத்தவனா?"

"பாத்தீங்களா, இந்த வாய்தான்!"

அந்த வாயைப் பற்றிக் குறிஞ்சிப்பிட்டி ஊர் முழுக்கத் தெரியும். போன வருஷம் இதேபோல் சொல்லாமல் வந்த ஒரு மாப்பிள்ளையின் மாமாவை, நன்கொடை கேட்டு வந்தவர் என்று நினைத்து, "கை கால் நல்லாத்தானே இரிக்கி, உழைச்சா என்ன?" என்று வாசல் கேற் வரைக்கும் விரட்டியவர் லாபிர். சம்பந்தம் அத்தோடு சரி. றுமைஸா அன்று வாப்பாவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அவள் நாலு வார்த்தை ஏசியிருந்தால் லாபிருக்கு அவ்வளவு வலித்திருக்காது. இந்த முறை பிள்ளையின் வாழ்க்கை தன் வாயால் கெடக்கூடாது என்று அல்லாஹ்வின் மேல் ஆணையிட்டிருந்தார்.

முதலில் ஒருவர் லொறியில் வந்திறங்கினார். வெள்ளைச் சேர்ட், கையில் பளபளக்கும் மணிக்கூடு.

"உதவாத பழைய சாமான் ஏதும் இரிக்கா நானா?"

பழைய இரும்பு எடுப்பவன் இவ்வளவு வெள்ளையாகவா உடுத்துவான்? லாபிருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பெண்ணைப் பெற்றவன் கஞ்சனா இல்லையா என்று பார்க்கிறார்கள்!

"எங்களுக்குச் சாமான் பெரிசில்ல, மனுசர்தான் பெரிசு. புடிச்சதை எடுத்துட்டுப் போங்க."

வந்தவர் வளவைச் சுற்றிப் பார்த்தார். தண்ணீர் மோட்டர்தான் அவருக்குப் பிடித்தது.

"எவ்வளவு தர?"

"நமக்குள்ள என்ன சல்லி!"

லொறி புறப்பட்ட பிறகுதான் ஸுலைஹா வெளியே வந்து பார்த்தாள்.

"யா அல்லாஹ்! அது ஓடுற மோட்டர்!"

"போகட்டும். மோட்டரைக் கடையில வாங்கலாம், மாப்புளய வாங்கேலுமா?"

மாப்பிள்ளையையும் வாங்கலாம் என்பதுதான் ஊர் நடப்பு.

அடுத்து மோட்டார்சைக்கிளில் ஓர் இளைஞர் வந்தார். சேர்ட்டைக் காற்சட்டைக்குள் விட்டு, நல்ல பவ்வியமாக நின்றார்.

"வீட்டையும் வளவையும் ஒருக்காப் பாக்கலாமா?"

இவர்தான்! லாபிர் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப் போனார்.

"தண்ணி எங்கயும் தேங்கி நிக்கிதா?"

"என்ன அப்பிடிக் கேட்டுட்டீங்க? இந்த வீட்டில தண்ணிக்கு என்டைக்கும் குறை வந்ததில்ல!"

பின்பக்கத்துத் தொட்டி, பீப்பாய்கள், மழைநீர் நிரம்பிய சிரட்டைக் குவியல் என்று ஒன்றுவிடாமல் பெருமையாகக் காட்டினார். இளைஞர் டோர்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஐயா, நான் டெங்குப் பிரிவில இருந்து வாறன். எல்லாத்திலயும் நுளம்புக் குடம்பி, புழுப்போல நெளியுது. இன்டைக்கே கவுத்துக் கொட்டாட்டி வழக்குத்தான்."

லாபிரின் சிரித்த முகம் சிரித்தபடியே நின்றுவிட்டது. இளைஞர் போனதும் அவர் வெறி பிடித்தவர் போலக் கண்ணில் பட்டதையெல்லாம் கவிழ்த்தார். பயத்தில், ஸுலைஹா குசினியில் மூடி வைத்திருந்த குடிதண்ணீர்க் குடமும் போய்ச் சேர்ந்தது.

இப்போது வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மோட்டர் இல்லாத குழாய்க்கிணறு இருந்தென்ன, இல்லாமல் என்ன? உலையில் அரிசி போடவில்லை. லுஹர்த் தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூ எடுக்கவும் வழியில்லை.

"இப்ப அவங்க வந்து குடிக்கத் தண்ணி கேட்டா?" லாபிர் கேற்றை எட்டிப் பார்த்தார்.

"பக்கத்து வீட்டில கேளுங்க," என்றாள் ஸுலைஹா.

பக்கத்து வீட்டு சுஹைரோடு கதை பேச்சு முறிந்து வெகுகாலம். சுஹைரின் தென்னையிலிருந்து காய்ந்த ஓலை விழுந்து லாபிரின் மோட்டார்சைக்கிள் கண்ணாடி உடைந்தது. அதற்கு லாபிர் சொன்ன வார்த்தையில் சுஹைரின் மூன்று தலைமுறை உடைந்தது. பிறகுதான் இடையில் சுவர் எழும்பியது.

"அவன்ட வாசலுக்கு நான் போறதா? செத்து மௌத்தானாலும்..."

"சிரிச்ச முகம்!"

லாபிர் போனார். சுஹைரின் வாசலில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வீட்டில் றுமைஸா இருக்கிறாள் என்ற நினைப்புத்தான் அதைப் பிரித்து எடுத்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான். அன்டைக்கு நான் கதைச்சது பிழை. மாப்பு. கொஞ்சம் தண்ணி..."

சொல்லும்வரைதான் கஷ்டமாக இருந்தது. சொன்னதும் நெஞ்சு லேசானது.

சுஹைர் கதவை அகலத் திறந்தார். அவர் முகத்திலும் பழக்கமில்லாத ஒரு சிரிப்பு. "வஅலைக்கும் ஸலாம்! தண்ணிக்கு ஏன் மச்சான் மாப்பு? மகன் இப்ஹாம், குழாயைச் சுவருக்கு மேலால போடுங்க!"

புத்தளத்தில் கடை வைத்திருக்கும் இப்ஹாம் குழாயைத் தூக்கிப் போட்டான். இந்தப் பக்கத்தில் றுமைஸா பிடித்துக்கொண்டாள். தொட்டி நிரம்பியது, சோறு வெந்தது, லுஹரும் முடிந்தது.

மாலையாகி அஸர்த் தொழுகையும் முடிந்தது. யாரும் வரவில்லை.

லாபிர் கதிரையில் சாய்ந்து கேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியது.

"இனி வரமாட்டாங்க ஸுலைஹா. என்ட வாயைப் பத்தி ஆரோ சொல்லிட்டாங்க. நான்தான் புள்ளைக்குப் பாவி."

ஸுலைஹா வாய் திறப்பதற்குள் சுவருக்கு மேலே, சுஹைரின் மனைவி முனவ்வராவின் தலை தெரிந்தது.

"ஸுலைஹா ராத்தா, எங்கட இப்ஹாமுக்கும் எங்களுக்கும் புள்ளயப் புடிச்சிரிக்கி, வாப்பாவையும் புடிச்சிரிக்கி. காலையில இருந்து இந்தச் சுவருக்கு மேலால பாத்துட்டுத்தானே நிக்கிறேன்!"